கௌதாரியைத் தேடி... சேலம் டு மோகனூர்!

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் நான் இறங்கியபோது காலை ஆறே கால். தோள்பையில் ஒரு வேட்டி, ஒரு சட்டை, மாத்திரை டப்பா. அப்புறம், செய்தித்தாளில் சுற்றிய ஒரு சி.டி. அந்த சி.டி-க்காகத்தான் இந்தப் பயணமே.

என் பெரியப்பா மோகனூர்ப் பக்கத்துக் கிராமப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர். பள்ளி விட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காடு மேடெல்லாம் சுற்றுவார். வயதானவர்கள் பேச்சில் புதிதாக ஒரு சொல் விழுந்தால் போதும், சட்டைப் பையிலிருந்து துண்டுச்சீட்டு வெளியே வந்துவிடும். ஓணானை எங்கள் பக்கம் ஒடக்கான் என்பார்கள். துடைப்பம் சீமாறு. சாப்பிடும் தட்டு வட்டல். பண்டிகை நோம்பி. வீட்டுக்கு வரும் விருந்தாளி ஒறம்பரை. இப்படி 30 வருடங்களில் 1,800 சொற்களுக்கு மேல் சேர்த்தார். நோட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று கட்டம் போட்டிருப்பார். முதல் கட்டத்தில் சொல், இரண்டாவதில் பொருள், மூன்றாவதில் அதைச் சொன்னவர் பெயர், ஊர், வயது.

2004-ல் அந்த நோட்டுகளை ஒரு டி.டி.பி. சென்டரில் கொடுத்து டைப் செய்யச் சொன்னார். "மூணாவது கட்டத்தை எடுத்துட்டா பக்கம் கம்மியாகும் சார், செலவும் குறையும்" என்று அங்கே யோசனை சொல்லியிருக்கிறார்கள். ஓய்வூதியக்காரர், கையில் இருந்த பணம் அவ்வளவுதான். சரி என்று சொல்லிவிட்டார். 20 பிரதிகள் ஸ்பைரல் பைண்டிங் செய்து வேண்டியவர்களுக்குக் கொடுத்தார். 2011-ல் பெரியப்பா போய்விட்டார். அட்டைப்பெட்டியில் வைத்திருந்த நோட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது. மிஞ்சியது இந்த சி.டி. மட்டும்தான்.

என் அக்கா மகள் சேலத்தில் தங்கி, தமிழில் பிஎச்.டி. ஆய்வு செய்கிறாள். கொங்கு வட்டாரத்து வேளாண்மைச் சொற்கள்தான் அவள் தலைப்பு. "மாமா, அந்த சி.டி. உங்ககிட்டதானே இருக்கு? எடுத்துட்டு வாங்க. பெரியப்பா தாத்தாவோட வேலையை என் ஆய்வுல சேர்க்கணும். அப்படியே புத்தகமாவும் போட்டுடலாம்" என்று போனில் சொன்னாள். ஃபைலைத் திறந்து பிரின்ட் போட வேண்டியதுதானே, ஒரு மணி நேர வேலை என்று நினைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பெங்களூரு நெடுஞ்சாலையில், பெரியார் பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழியில் ஒரு தோழியோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். 1997-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளின் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சி என்றால் இந்தச் சாலைதான். பக்கத்து டீக்கடை பெஞ்சில் அவளுடைய லேப்டாப்பை வைத்து, அதற்கென்று கடன் வாங்கி வந்த சி.டி. டிரைவைச் செருகினோம். (இப்போதைய லேப்டாப்களில் சி.டி. போடும் இடமே கிடையாது என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.) ஃபைல் திறந்தது. உள்ளே ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை! ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்து கொட்டிய குப்பையாக 140 பக்கம்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவள் சிரித்தாள். "பயப்படாதீங்க மாமா. எழுத்து உள்ளேதான் இருக்கு. வேற வேஷத்துல இருக்கு."

விஷயம் இதுதான். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலானவை கணினியை ஏமாற்றிக்கொண்டிருந்தன. கணினியைப் பொறுத்தவரை நாம் அடித்தது ஆங்கில எழுத்து. அதன் படத்தை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை எழுத்துரு காட்டும். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாகப் படத்தை மாட்டியது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வேஷம் கலைந்து ஆங்கிலமாக நிற்கும். யூனிகோடு வந்த பிறகு ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகம் முழுவதும் ஒரே எண் என்றானது. தமிழக அரசும் 2010-ல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. இன்று வாட்ஸ்அப்பில் நாம் தட்டுவதெல்லாம் யூனிகோடுதான். ஆனால் அதற்கு முன்பு டைப் செய்த ஊர் வரலாறுகள், கோயில் தல புராணங்கள், ஆய்வேடுகள் எத்தனை வீட்டு அலமாரியில் இப்படி வேஷத்தோடு தூங்குகின்றனவோ!

அவள் முதலில் எழுத்துரு பெயர் வரும் பெட்டியைப் பார்த்தாள். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் அதன் பெயர் ஃபைலில் ஒட்டிக்கொண்டிருக்குமாம். பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகளில் அந்த வகையைத் தேர்ந்தெடுத்து, குப்பையை இந்தப் பக்கம் கொட்டினால் அந்தப் பக்கம் தமிழ் வரும். வந்தது. 'அகப்பை'யில் தொடங்கி வரிசையாகப் பெரியப்பாவின் சொற்கள். டீ ஆறிப்போனது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏதாவது ஒரு சொல்லைத் தேடிப் பாருங்க மாமா" என்றாள். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது கௌதாரி. சின்ன வயதில் பெரியப்பாவோடு காட்டுக்குப் போகும்போது வேலியோரம் இருந்து கத்தும். எங்கள் பக்கம் காடு என்றால் வனம் அல்ல, மானாவாரி நிலம். கௌதாரி என்று தட்டினேன். 'எதுவும் கிடைக்கவில்லை' என்று பதில் வந்தது. பெரியப்பா கௌதாரியை விட்டிருப்பாரா? வாய்ப்பே இல்லை.

பொறுமையாகக் 'க' வரிசையைத் தள்ளிக்கொண்டே போனால், பறவை அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அவள் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். ஔகாரத்துக்குப் பின்னால் வரும் குறியும் 'ள' என்ற எழுத்தும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அன்றைக்கு டைப் செய்தவர் கொம்பு போட்டு, க போட்டு, பக்கத்தில் முழுசாக ஒரு 'ள'வைப் போட்டிருக்கிறார். காகிதத்தில் படிக்கிறவருக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கோ அது 'கெ-ள-தா-ரி'. மூன்றெழுத்துப் பறவை நாலெழுத்தாகிவிட்டது, இரண்டு எழுத்தும் வேறு என்பதுதான் விஷயம். இன்றும் பலர் கைப்பேசியில் இந்தத் தப்பைச் செய்கிறோம். 'ஔவை'யை 'ஒள' போட்டு எழுதினால் தேடலில் ஔவை வர மாட்டாள்.

கௌதாரிக்குக் கீழே ஒரு கிளைச் சொல்லும் இருந்தது. 'கவுதாரி ஓட்டம்: காலை எட்டி வைக்காமல் குடுகுடுவென்று ஓடுவது.' எங்கேயோ கேட்டது போல இருந்தது. யார் சொல்லிக் கேட்டிருப்பார் என்று பார்க்கலாம் என்றால், அந்த மூன்றாவது கட்டம்தான் இல்லையே.

அவளுடைய கவலையும் அதுதான். "வெறும் சொல்லும் பொருளும் இருந்தா பட்டியல் மாமா. யார் சொன்னது, எந்த ஊர், என்ன வயசுன்னு இருந்தாத்தான் அது தரவு. ஆய்வுல மேற்கோள் காட்ட முடியும். தாத்தா அதைச் சரியாத்தான் செஞ்சிருக்காரு. நமக்குத்தான் கிடைக்கல." எம்.ஏ. வரைகூடப் படிக்காத பெரியப்பாவை அவள் ஆய்வாளர் என்று சொல்லாமல் சொல்லியது எனக்குப் பெருமையாக இருந்தது. கூடவே, பக்கத்தைக் குறைக்க அந்தக் கட்டத்தை விட்டுக்கொடுத்த நாளில் அவர் எப்படி இருந்திருப்பார் என்றும் தோன்றியது. அன்று கொஞ்சம் பணம் கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேன். அவர் கேட்கவில்லை.

'கவலை' என்றதும் இன்னொன்று. கொங்கு நாட்டில் கவலை என்றால் கிணற்றிலிருந்து மாடு கட்டி நீர் இறைக்கும் ஏற்பாடு. இணையத்தில் கவலை என்று தேடினால் மனக்கவலைக்கு மருந்து சொல்ல ஆயிரம் பேர் வருகிறார்கள், மாட்டைக் கட்ட ஒருவரும் வரவில்லை. மோட்டார் வந்து அரை நூற்றாண்டாகிவிட்டதே!

வட்டாரச் சொற்களைத் தொகுப்பது தமிழுக்குப் புதிதல்ல. கரிசல் மண்ணுக்குக் கி.ராஜநாராயணன் 1982-ல் அகராதி தந்தார். கொங்கு மண்ணுக்குப் பெருமாள்முருகன் 2000-ல் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி'யைக் கொண்டுவந்தார். அவர் திருச்செங்கோட்டுக்காரர். நாமக்கல் அரசுக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர்.

இன்னும் பின்னால் போனால் சேலத்துக்கே ஒரு பெருமை உண்டு. 1916-ல் இங்கே வக்கீலாக இருந்த ராஜாஜியும், வெங்கடசுப்பையரும் சேர்ந்து 'தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அறிவியல் பாடங்களைத் தமிழில் சொல்லித் தரக் கலைச்சொற்கள் வேண்டும் என்பது நோக்கம். அதற்காக ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள், ஆங்கிலத்தில்! பாரதியார் முயற்சியை வரவேற்றார், தமிழ்ச் சொற்களுக்கான பத்திரிகையை ஆங்கிலத்தில் நடத்துவதைக் குத்திக்காட்டவும் தவறவில்லை. நூறு வருடம் கழித்து அதே ஊரில் என் அக்கா மகள் 'எழுத்துரு', 'தரவு', 'உலாவி' என்று சர்வ சாதாரணமாகப் பேசுகிறாள். அவள் லேப்டாப்பின் பட்டன்கள் மட்டும் இன்னும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன.

மதியம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு அச்சகத்துக்குப் போனோம். வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளும் மளிகை மண்டிகளும் நெருக்கியடிக்கும் பகுதி. அச்சக உரிமையாளர் ஈய எழுத்துக் கோத்த காலத்தில் தொழிலுக்கு வந்தவர். டிரெடில் மெஷின், ஆஃப்செட், டி.டி.பி. என்று எல்லாவற்றையும் பார்த்தவர். பெரியப்பாவின் பக்கங்களைத் திரையில் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "இதை யாரு படிக்கப் போறாங்க? போன்லயா, காயிதத்துலயா?"

இரண்டிலும் என்றாள் இவள்.

"அப்ப ரெண்டு வேலை கண்ணு" என்றார். போனில் படிக்கிறவருக்கு மூன்று கட்டம் பக்கம் பக்கமாக நிற்காது. திரை சின்னது, ஒவ்வொரு கட்டத்திலும் நாலு எழுத்துதான் வரும். அங்கே சொல்லைத் தடித்த எழுத்தில் போட்டு, கீழே பொருள், அதற்குக் கீழே சொன்னவர் விவரம் என்று அடுக்க வேண்டும். காகிதத்தில்தான் கட்டம் அழகு. அதிலும் கட்டத்துக்குக் கோடு போடாதே, நடுவில் வெள்ளை இடம் விட்டாலே கண் பிரித்துக்கொள்ளும் என்றார். பக்கங்களை 16-ன் மடங்கில் கொண்டுவா, ஃபாரம் வீணாகாது என்றார். இது எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறதோ தெரியவில்லை, என் மருமகள் மடமடவென்று எழுதிக்கொண்டாள்.

பதிலுக்கு அவளும் ஒன்று சொல்லிக்கொடுத்தாள். அவர் கணினியில் இன்னும் பேஜ்மேக்கர்தான் ஓடுகிறது. அதற்கு யூனிகோடு தெரியாது. யூனிகோடில் வரும் கட்டுரைகளைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் கட்டுகிறார். கற்ற கை, முப்பது வருடப் பழக்கம், யாரைக் குறை சொல்ல? 'ஸ்கிரைபஸ்' என்ற இலவச மென்பொருளை இறக்கி, அதில் யூனிகோடிலேயே ஒரு பக்கம் கட்டிக் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "கொம்பு ஒடியாம வருதே!" என்றார். அட்டைப் படத்துக்கு 'இங்க்ஸ்கேப்', பக்கத்துக்கு இது, எல்லாம் காசில்லாமல் கிடைக்கிறது. புத்தகத்துக்கு வாங்கும் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கும் நம் நாட்டில் கட்டணம் கிடையாது என்பதை நான் அந்தக் கடையில்தான் தெரிந்துகொண்டேன்.

கிளம்பும்போது திரையில் அவர் கட்டிய மாதிரிப் பக்கத்தைப் பார்த்தேன். மூன்றாவது கட்டம் வெள்ளையாக இருந்தது. "இதுல என்ன வருமுங்க?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

அந்த வெள்ளைக் கட்டம்தான் மறுநாள் எங்களை மோகனூருக்கு பஸ் ஏற வைத்தது. பெரியப்பாவுக்குச் சொல் தந்தவர்களில் யாராவது இருக்க மாட்டார்களா? நேராகப் போகாமல் திருச்செங்கோடு வழியாகப் போனோம், அவள் ஆசைக்காக.

சங்ககிரி தாண்டியதும் நிலம் விரிகிறது. கரும்பாறைக் குன்றுகள், சோளக்காடு, பனை, நடுநடுவே விசைத்தறிச் சத்தம். திருச்செங்கோடு நெருங்கினால் சாலையோரம் எல்லாம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகள். இந்தியாவின் எந்த மூலையில் போர் போட்டாலும் லாரியில் 'திருச்செங்கோடு' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அர்த்தநாரீசுவரர் மலையைப் பேருந்திலிருந்தே கும்பிட்டுக்கொண்டோம்.

திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில்தான் 1925-ல் ராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு என்று வேலைகள் நடந்த இடம். மதுவிலக்குக்காகவே 1929-ல் இங்கிருந்து 'விமோசனம்' என்ற பத்திரிகை வந்தது. ஆசிரியர் ராஜாஜி, அவருக்குத் துணையாக இருந்த இளைஞர் பெயர் ரா.கிருஷ்ணமூர்த்தி. ஆமாம், நம்ம கல்கிதான்! 'பொன்னியின் செல்வன்' எழுதிய கை, இந்த வறண்ட காட்டில் உட்கார்ந்து கள்ளுக்கடைக்கு எதிராகக் கதை எழுதியிருக்கிறது. பத்து இதழ்களோடு பத்திரிகை நின்றுபோனது. மரங்களும் அமைதியுமாக இருக்கும் ஆசிரமத்தில் சற்று நேரம் உட்கார்ந்தோம். "பத்து இதழ்னாலும் யார் எழுதினது, எந்த வருஷம்னு எல்லாம் தெரியுது பாருங்க மாமா" என்றாள். அவள் மனம் மூன்றாவது கட்டத்திலேயே நிற்கிறது.

அங்கிருந்து நாமக்கல் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர சீட் கிடைத்தது. நிம்மதியாகக் கண்ணை மூடலாம் என்று பார்த்தால், "சும்மா வராதீங்க மாமா, ஒரு பக்கம் திருத்திக் கொடுங்க" என்று போனை நீட்டினாள். திரையில் தமிழ் விக்கிமூலம். நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்கள் 2,000-க்கும் மேற்பட்டவை தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் உதவியோடு ஸ்கேன் பக்கங்களாக அங்கே ஏறியிருக்கின்றன. ஒரு பக்கம் பழைய புத்தகத்தின் படம், மறுபக்கம் கணினி அதைப் பார்த்து எழுதிய எழுத்து. இரண்டையும் ஒப்பிட்டுத் தப்பைத் திருத்த வேண்டும். திருத்தாத பக்கம் சிவப்பு, ஒருவர் திருத்தினால் மஞ்சள், இன்னொருவர் சரிபார்த்தால் பச்சை. டிராஃபிக் சிக்னல் மாதிரி. சம்பளம் கிடையாது, யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். படத்தில் 'காடு' என்று இருக்கிறது, கணினி 'கரடு' என்று எழுதியிருக்கிறது. காலையும் 'ர'வையும் அதற்குப் பிரிக்கத் தெரியவில்லை. வேடிக்கை என்னவென்றால் கரடு என்பதும் நல்ல சொல்தான். எங்கள் ஊரில் சின்னப் பாறைக்குன்றைக் கரடு என்போம். எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருள் இதைப் பிடிக்காது. காட்டையும் கரட்டையும் பார்த்த கண்தான் பிடிக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகம் என்றால் இன்னும் கூத்து. துதிக்கை தூக்கிய பழைய 'னை', 'லை' எழுத்துகளைக் கணினி என்னென்னவோ செய்துவிடுகிறது. நாமக்கல் வருவதற்குள் ஒன்றரைப் பக்கம் மஞ்சளாக்கினேன். கழுத்து வலித்தது. ஆனால் திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே எந்தெந்த ஊர் வந்தது என்றே தெரியவில்லை.

வீட்டில் பழைய புத்தகம், தாத்தாவின் அச்சிட்ட பத்திரிகைத் துணுக்கு ஏதாவது வைத்திருக்கிறீர்களா? உங்கள் போனிலேயே இதைச் செய்யலாம். பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், பக்கத்தைத் தட்டையாக வைத்து நேராகப் படமெடுங்கள். கூகுள் டிரைவில் ஏற்றி, கணினியில் அதை கூகுள் டாக்ஸாகத் திறந்தால் படத்தின் கீழே எழுத்து வந்துவிடும். திருத்துவது உங்கள் வேலை. திருத்திய பிறகும் படத்தை அழித்துவிடாதீர்கள். சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்க அது ஒன்றுதான் சாட்சி.

நாமக்கல்லில் ஒற்றைப் பாறையாக எழுந்து நிற்கும் மலைக்கோட்டை, அடிவாரத்தில் கமலாலயக் குளம், ஆஞ்சநேயர் கோயில் வாசலில் கூட்டம். முட்டை லாரிகள், லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகள், மார்க் வாங்க வைக்கும் விடுதிப் பள்ளிகளின் பேனர்கள். 'பிராய்லர் பள்ளி' என்று ஊரே கிண்டல் செய்தாலும் பேனர்கள் குறைவதாகத் தெரியவில்லை.

நாங்கள் போனது கவிஞர் வெ.இராமலிங்கம் பிள்ளையின் நினைவு இல்லத்துக்கு. அது இப்போது நூலகம். 1888-ல் மோகனூரில் பிறந்து நாமக்கல் கவிஞர் என்று பெயர் வாங்கியவர், கவிதைக்கு முன்னால் ஓவியர் என்பது பலருக்குத் தெரியாது. படம் வரைவதைத் தொழிலாகவே செய்தவர். உப்பு சத்தியாகிரக வழிநடைப் பாட்டு எழுதியவர், 1949-ல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞரானவர். 'மலைக்கள்ளன்' எம்.ஜி.ஆர். படமாக (1954) நினைவிருக்கும், மூலக் கதை இவருடைய நாவல். இவர் நூல்களும் நாட்டுடைமைதான், சில விக்கிமூலத்தில் இருக்கின்றன. நூலகத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் போனில் அதைக் காட்டினாள் மருமகள். வாங்கிப் பார்த்தவர் எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னார். இரண்டு விரலால் விரித்துக் காட்டினாள். பத்து நிமிடத்துக்குப் போன் திரும்பி வரவில்லை.

மோகனூருக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வாழைத் தோப்புகளும் கரும்புமாக நிலம் பச்சைக்கு மாறிவிடுகிறது. காவிரி அகலமாகக் கிடக்கிறது, அக்கரை கரூர் மாவட்டம். ஆற்றின் மேற்புறம் பரமத்தி வேலூர்ப் பாலத்தைத் தாண்டினால் புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் அரசு ஆலை. இன்னும் மேலே பள்ளிபாளையத்தில் சேஷசாயி காகித ஆலை. காகிதத்துக்குப் பஞ்சமில்லாத இந்த நாட்டில்தான் பெரியப்பாவுக்கு மூன்றாவது கட்டத்துக்குக் காகிதம் போதவில்லை.

பெரியப்பா வீட்டை விற்றாகிவிட்டது. பக்கத்து வீட்டு ஆத்தா இருந்தார். எண்பதைத் தாண்டிய வயது, காது கொஞ்சம் மந்தம், நினைவு மட்டும் பளிங்கு. "ஏங்கண்ணு, வாத்தியார் வீட்டுப் பையனா? வாடா, உக்காரு. இது யாரு, அக்கா புள்ளையா? சாப்புட்டுட்டுத்தான் போகோணும்."

சொல்லை ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க, ஆத்தா ஆள் ஆளாகச் சொல்ல ஆரம்பித்தார். கவலை, பறி, தும்பி, வால்கயிறு எல்லாம் கீழத்தெருவில் கவலை ஓட்டிய இன்னார். ஆள் போய் இருபது வருடம். கொடாப்பு, தொண்டுப்பட்டி இரண்டும் ஆடு மேய்த்த இன்னொருவர். "அந்தச் சொல்லு நாஞ் சொன்னது. வாத்தியாரு திண்ணையில உக்காந்து எழுதிக்கிட்டாரு. அப்ப எனக்குக் கடைசிப் புள்ளை வவுத்துல." போன் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது. முதலில் ஆத்தாவிடம் அனுமதி கேட்டுத்தான் மருமகள் அதை ஆன் செய்தாள். ஊர், வயது எல்லாம் தனித்தனியாகக் குறித்துக்கொண்டாள். சில பொருளையும் ஆத்தா திருத்தினார். "வாத்தியாரு தப்பா எழுதியிருக்காரு, போடி" என்று ஒரு சொல்லையே தள்ளிவிட்டார். அவள் தள்ளவில்லை. இரண்டு கருத்தையும் எழுதி, பக்கத்தில் தேதி போட்டாள்.

ராத்திரி எட்டு மணிக்குள் 160 சொற்களுக்குக் கட்டம் நிறைந்தது. 1,800-ல் 160. மீதிக்கு இன்னும் எத்தனை திண்ணை ஏற வேண்டுமோ! அடுத்த மாதம் வருவதாகச் சொன்னாள். "சீக்கிரம் வா கண்ணு" என்றார் ஆத்தா, தன் வயதை மறைமுகமாகச் சொல்லி. புத்தகம் போட்டால் போனில் வேண்டாம், காகிதத்தில்தான் வேண்டும், எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்றும் உத்தரவு போட்டார்.

கிளம்பும்போது கௌதாரி நினைவு வந்தது. "ஆத்தா, கவுதாரி ஓட்டம்னு பெரியப்பா எழுதியிருக்காரு. அது யாரு சொன்னது?"

ஆத்தாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அது நீதான்டா! டவுசரு நிக்காது உனக்கு. ஒரு கையில டவுசரைப் புடிச்சுக்கிட்டு ஓடி வந்தே. ஏன்டா இப்படி ஓடறேன்னு வாத்தியாரு கேட்டதுக்கு, 'கவுதாரி ஓட்டம் ஓடறேன்'னு சொன்னே. அப்பவே சீட்டை எடுத்து எழுதினாரு. எனக்கு நல்லா நெனவிருக்குது."

நான் ஒன்றும் பேசவில்லை. மருமகள் போனில் கௌதாரியைத் தேடினாள். இந்தத் தடவை உடனே வந்தது. மூன்றாவது கட்டத்தில் என் பெயரைத் தட்டினாள். ஊர், மோகனூர்.

"வயசு என்ன மாமா போடறது?"

ஆத்தாவைப் பார்த்தேன். அவர் விரல் விட்டு எண்ணினார்.

"ஏழு. இல்ல, எட்டு. நோம்பிக்கு முந்தின வாரம். எட்டுன்னே போடு."